நீரைக் குடித்து ஊதும் பொடி

குழந்தைகளுக்கு அணிவிக்கும் டயாப்பரைப் பிரித்துப் பாருங்கள். பஞ்சுக்கிடையே உப்புப் போன்ற பொடி இருக்கும். நீர் பட்டதும் ஜவ்வரிசி போல ஊதும். இதுதான் ஹைட்ரோஜெல். கண்ணில் பொருத்தும் மென்மையான லென்சும் இவ்வினமே. செக்கோஸ்லோவாகியாவின் ஓட்டோ விக்டெர்லே, 1961-இல் தம் வீட்டிலேயே, பிள்ளைகளின் விளையாட்டுக் கருவித் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு அந்த லென்சை வார்த்தெடுத்தார்!

புதுடில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நிலத்திற்கென உருவாக்கியது 'பூசா ஹைட்ரோஜெல்'. ஏக்கருக்கு 1 முதல் 2 கிலோ வரை, காய்ந்த பொடிமண்ணுடன் கலந்து விதைச்சாலில் இடலாம். மழையிலோ பாசனத்திலோ நீரைப் பிடித்து வைத்து, மண் காயும்போது வேருக்கு விட்டுக்கொடுக்கும்.

தன் எடையைப்போல் 350 மடங்கு நீரை ஏற்கும் என்பார்கள். அது தூய நீருக்குரிய கணக்கு. கூழுக்குள் இருக்கும் உப்புத்தன்மையே வெளிநீரை உள்ளே இழுக்கிறது. வெளிநீரும் உப்பாயிருந்தால் இழுப்பு தளர்ந்துவிடும். சுண்ணாம்பு மிகுந்த கடின நீரில் இன்னும் மோசம்.

எனவே மூட்டை வாங்குமுன் சிறிது பொடி மட்டும் வாங்குங்கள். ஒரு டம்ளரில் மழைநீர், மற்றொன்றில் உங்கள் கிணற்று நீர். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சிட்டிகை போட்டு மறுநாள் ஒப்பிடுங்கள். கிணற்று நீரில் கால் பங்குகூட ஊதவில்லையெனில், அப்பணத்தைத் தொழு உரத்திற்குச் செலவிடுவதே மேல்.