நகம் சதையில் புதைதல்: தடுப்பும் சிகிச்சையும்

திருவனந்தபுரத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் தொடங்குவதால், நிலத்தில் இறங்கிப் பணிபுரிவோரின் பாதங்கள் பல மாதங்கள் ஈரத்திலேயே ஊறுகின்றன. ஸ்ரீகாரியத்தில் 1963ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் சோதனை வயல்களாயினும், வெள்ளாயணிக் காயலை அடுத்த விளைநிலங்களாயினும், ரப்பர் பூட்ஸுக்குள் வியர்வையும் சேற்றுநீரும் சேர்ந்து தோலை மிருதுவாக்குவது ஒன்றே. இவ்வாறு மென்மையுற்ற தோலைக் கால் பெருவிரல் நகத்தின் ஓரம் எளிதில் கிழித்து உட்புகுகிறது. இதையே நகம் சதையில் புதைதல் என்கிறோம். அற்பமாகத் தோன்றும் இந்நோய் ஒருவரை நடக்கவொட்டாமல் செய்துவிடக்கூடும். சிலருக்குக் காலுக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

நோய் உண்டாகும் விதம்

நகமானது உயிரற்ற கடினப் பொருளாலானது. அதை உற்பத்தி செய்யும் உயிருள்ள பகுதி, தோலுக்கடியில் மறைந்துள்ள நகவேர் ஆகும். கால் நகம் மாதத்திற்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டரே வளர்கிறது. பெருவிரல் நகம் முழுவதும் புதிதாய் வளர்ந்து முடிய 12 முதல் 18 மாதங்கள் ஆகின்றன. நகத்தை ஓரங்களில் வளைத்து ஆழமாக வெட்டும்பொழுது, கண்ணுக்குப் புலப்படாத ஒரு கூரிய முள் மூலையில் எஞ்சிவிடுகிறது. நகம் வளர வளர அம்முள் முன்னேறிச் சதையைத் துளைக்கிறது. முனை குறுகிய காலணியும், விரலில் விழும் அடியும் இதற்குத் துணை செய்கின்றன. இளம்பருவத்தினரிடம் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது.

நோயின் நிலைகள் மூன்று. முதல் நிலையில் நகத்தின் ஓரம் சிவந்து வீங்கும், அழுத்தினால் வலிக்கும். இரண்டாம் நிலையில் சீழ் வடியும். மூன்றாம் நிலையில் தொட்டாலே இரத்தம் கசியும் சிவந்த சதை வளர்ந்து நகத்தின் மீது படரும்.

வீட்டில் செய்யத்தக்கவை

முதல் நிலையில் கத்தி தேவையில்லை. நாள்தோறும் இரண்டு மூன்று முறை, பத்துப் பதினைந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் பாதத்தை வைத்திருந்து, பின்னர் நன்றாக ஈரம் துடைக்கவேண்டும். நகம் இளகியிருக்கும்பொழுது அதன் மூலையை மெல்ல உயர்த்தி, சுத்தமான பஞ்சு இழை ஒன்றை அடியில் செலுத்தி, அதை நாள்தோறும் மாற்றிவரலாம். ஒட்டும் பிளாஸ்திரி நாடாவை நகத்தை ஒட்டிய சதையில் பதித்து, அச்சதையை நகத்திலிருந்து விலக்கி இழுத்து விரலின் அடிப்புறமாகச் சுற்றுவதும் பயன் தரும். விரல் நுனி திறந்த செருப்பு அணிவது நலம்.

நகத்தின் நடுவில் ஆங்கில 'வி' எழுத்தைப் போல் வெட்டினால் ஓரங்கள் உள்நோக்கி வந்துவிடும் என்ற நம்பிக்கை பரவியுள்ளது. நகம் வளர்வது வேரிலிருந்தேயாதலால் இதற்கு ஆதாரமில்லை. எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகிக்கொள்வதும் உள்ளே குத்தும் நகத்தை வெளியேற்றாது. சவர அலகால் மூலையைத் தோண்டுவதோ புதிய முள்ளையும் புதிய புண்ணையுமே தரும்.

மருத்துவர் கையாளும் முறைகள்

சில நாட்களில் குணம் காணாவிடினும், சீழ் பிடித்தாலும் மருத்துவரை நாடவேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பிளந்து நகத்தின் ஓரத்தில் உறைபோல் செருகும் முறை ஒன்றுண்டு. நகம் சதைக்கு வெளியே வளரும்வரை அவ்வுறை காப்பாக நிற்கிறது.

முற்காலத்தில் நகம் முழுவதையும் பிடுங்கிவிடுவது வழக்கமாயிருந்தது. வேர் அப்படியே இருப்பதால் நகம் மீண்டும் முளைத்துப் பலருக்கு நோயும் திரும்பியது. இக்குறையை நீக்க 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவில் போல் என்பவர் பினாலைக் கையாளும் முறையை வெளியிட்டார். பினால் என்பது, 1860களில் லிஸ்டர் புண்களைத் தூய்மை செய்யப் பயன்படுத்திய கார்பாலிக் அமிலமேயாகும். விரலின் அடியில் மரப்பு ஊசி போட்டு, புதைந்த ஓரத்தை மட்டும் நீளவாக்கில் வெட்டி நீக்கி, அவ்விடத்து வேரில் பினாலைத் தடவி அதை அழித்துவிடுகின்றனர். நகம் சற்றே குறுகலாகும்; அவ்வோரம் மறுபடி முளைப்பது அரிது. நோயாளி அன்றே வீடு திரும்பலாம். புண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் நீர் கசிவது இயல்பு. பினால் தோலைச் சுட்டெரிக்கும் தன்மையுடையதாதலின் எவரும் இதை வீட்டில் முயலலாகாது.

2012ஆம் ஆண்டில் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு 24 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. நோய் திரும்புவதைத் தடுப்பதில் அறுவை முறைகளே மேலானவை என்பதும், நகத்தின் ஓரத்தை வெட்டுவதோடு பினாலும் சேரும்பொழுது பலன் மிகும் என்பதும் அதன் முடிவுகளாகும்.

விசேஷ எச்சரிக்கை

நீரிழிவு நோயாளிகள் பஞ்சு வைத்தல் முதலியவற்றில் தாமே ஈடுபடலாகாது. அவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருப்பின் வலி தெரியாது. இரத்தவோட்டம் குறைந்திருப்பின் புண் ஆறாது. சிறு புண்ணே அழுகி விரலை இழக்க நேரிடலாம். ஆகவே முதல் நாளே மருத்துவரிடம் செல்வது கடமை.

வயலில் இறங்குவோருக்கு மற்றோர் அபாயமும் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த நீரிலுள்ள கிருமி, புண் வழியாக உடலுள் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்குகிறது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத வெள்ளத்திற்குப்பின் கேரளத்தில் இந்நோய் பரவியதும், தடுப்புக்காக டாக்ஸிசைக்கிளின் மாத்திரைகள் வழங்கப்பட்டதும் நினைவிருக்கலாம். கால்விரலில் புண் உள்ளவர் தேங்கிய நீரில் இறங்காதிருத்தல் வேண்டும். ரண ஜன்னித் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கிறாரா என்பதையும் கவனிக்கவேண்டும்.

ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும்

நகத்தை நேராக, விரல் நுனியின் மட்டத்திற்கு வெட்டவேண்டும் என்னும் ஒரு விதியை வகுப்பில் கற்பித்தாலே பெரும்பகுதி நோயைத் தவிர்க்கலாம். நொண்டி நடக்கும் மாணவனின் காலணியைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். சென்ற ஆண்டு வாங்கிய காலணி இவ்வாண்டு அவன் பாதத்திற்குச் சிறிதாயிருக்கலாம். களப்பணியாளர் வேலை முடிந்ததும் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்து உலர்த்தி, விரலிடுக்குகளைத் துடைத்து, நக ஓரங்களைப் பார்வையிடுவதை வழக்கமாகக் கொள்ளுதல் நன்று. இதற்குச் செலவு ஏதுமில்லை. ஐந்து நிமிடம் போதும்.