தவணைக்கு அப்பாலும் ஒரு கணக்கு

வீட்டுக் கடன் நாடி வரும் குடும்பத்திடம் நாம் முதலில் வினவுவது வருமானமும் வீட்டின் விலையுமே. தவணை தவறாது வருமா என்பதே நமது கணக்கு. குடியேறிய பின் அவ்வீடு ஆண்டுதோறும் எவ்வளவு செலவு வைக்கும் என்பதை நாம் கேட்பது அரிது. வண்ணப் பூச்சுக்கும் மின்விசிறிக்கும் மழைநீர்க் கசிவுக்கும் செலவாகும் தொகை, தவணை செலுத்தும் அதே வருமானத்திலிருந்துதான் வரவேண்டும். இவ்வுண்மையைத் திருவனந்தபுரத்துச் செங்கற்சுவர்கள் நமக்கு உணர்த்துகின்றன.

இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, கேரளத்தையே தம் இல்லமாக்கிக்கொண்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். சிக்கனம் என்பது தரக்குறைவன்று, வீணாக்காமையே என்பதைத் தம் கட்டடங்களால் மெய்ப்பித்தார். இந்நகரின் வளர்ச்சி ஆய்வு மைய வளாகம் அதற்குச் சான்று. முன்னாள் முதலமைச்சர் சி. அச்சுத மேனன், பொருளியல் அறிஞர் கே. என். ராஜ் ஆகியோருடன் அவரும் இணைந்து 1985இல் தொடங்கிய ‘காஸ்ட்ஃபோர்டு’ நிறுவனம் அப்பணியைத் தொடர்கிறது.

முறை எளிது. செங்கற்களைப் படுக்க வைக்காது, பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவது ‘எலிப்பொறிக் கட்டு’. சுவரின் நடுவே வெற்றிடம் அமைவதால் செங்கல் ஏறத்தாழ 25 விழுக்காடு மிச்சமாகும். வெளிவெப்பமும் உள்ளே எளிதில் இறங்காது. செங்கல் தரமானதாயின் பூச்சும் தேவையில்லை. கூரைத் தளத்தின் அடிப்பகுதியிலுள்ள கான்கிரீட் பெரிதாகச் சுமை தாங்குவதில்லை. அங்கே பழைய ஓடுகளைப் பதித்தால் சிமெண்டும் கம்பியும் குறையும். நீண்ட கூரை விளிம்பு பருவமழையிலிருந்து சுவரைக் காக்கும். ஆனால் தேர்ந்த கொத்தனார் இன்றேல் இம்முறை பயன் தராது.

தனி வீட்டுக்கு மட்டுமே இது பொருந்தும் என்பாரும் உண்டு. கிழக்கேகோட்டைக்கு அருகிலுள்ள கரிமடம் குடியிருப்பில், நகர்ப்புற ஏழைகளுக்காகக் காஸ்ட்ஃபோர்டு எழுப்பிய அடுக்கு வீடுகள் அதற்கு விடை. தரையில் வாழ்ந்த குடும்பம் மாடி ஏறும்போது முற்றமும் திண்ணைப் பேச்சும் சிறு தொழிலுக்கான இடமும் உடன் ஏறுவதில்லை. ஆதலின் ஏழைகளுக்கான அடுக்ககத்தில் வெளிச்சமும் காற்றும் பொதுவெளியும் ஆடம்பரமல்ல, அடிப்படைத் தேவைகள்.

அடுக்ககம் வாங்க எண்ணும் வாடிக்கையாளர்களுக்கு நாம் கூறுவது இதுவே. நண்பகலில் ஒருமுறை அவ்வீட்டினுள் விளக்கேற்றாது நின்று பாருங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் திட்டம் பதிவாகியுள்ளதா என உறுதி செய்யுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் கட்டுநர் பெறலாகாது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் வெளிப்படும் கட்டமைப்புக் குறைகளை அவரே தம் செலவில் சரிசெய்தல் வேண்டும். மாதப் பராமரிப்புத் தொகையைத் தவணையோடு கூட்டி, அதன் பின்னரே கடன் தொகையை முடிவு செய்யுங்கள்.

கடன் ஒருநாள் அடைந்துவிடும். வெப்பமும் கசிவும் நிறைந்த வீடோ வாழ்நாள் முழுதும் வட்டி கேட்கும்.