கேலிப் பாத்திரத்திலிருந்து கதையின் நடுவுக்கு: ஓடிடியில் திருநங்கையரும் தன்பாலீர்ப்பாளரும்

குடும்பமாக உட்கார்ந்து ஓடிடியில் ஒரு தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இரண்டு ஆண்கள் காதலர்களாக வரும் காட்சியோ, ஒரு திருநங்கையின் கதையோ வந்துவிடுகிறது. ஒருவர் ரிமோட்டைத் தேடுகிறார். இன்னொருவர் சிரித்து மழுப்புகிறார். பிள்ளைகள் பெரியவர்களின் முகத்தைப் பார்க்கிறார்கள். தோட்டமானாலும் பட்டணமானாலும் பல வீடுகளில் இது இப்போது நடக்கிறது.

இத்தகைய பாத்திரங்கள் ஏன் திடீரென அதிகமாகத் தெரிகின்றன? அவற்றில் எது நியாயமான சித்திரிப்பு, எது வெறும் பரபரப்பு?

முன்பு எப்படி இருந்தது?

தமிழ்த் திரைக்கு இவர்கள் புதியவர்கள் அல்லர். ஆனால் பெரும்பாலும் இரண்டே வேடங்கள்தாம் கிடைத்தன: ஒன்று கேலிக்கு, மற்றொன்று வில்லத்தனத்துக்கு. 2006இல் வந்த ‘வேட்டையாடு விளையாடு’ படத்தில் கொலைகாரர்கள் இருவரும் தன்பாலீர்ப்பாளர்கள் என்பது போலக் காட்டப்பட்டது. 2015இல் வந்த ‘ஐ’ படத்தில் திருநங்கை ஒருவர் கேலிக்கும் வெறுப்புக்கும் உரியவராக வந்தார். அதற்குத் திருநங்கையரிடமிருந்தே கண்டனம் எழுந்தது. ‘ஒம்போது’ போன்ற வசைச் சொற்கள் கடல் கடந்து நம் பள்ளிக்கூடங்கள் வரை வந்து சேர்ந்ததில் திரைப்பட நகைச்சுவைக்கும் பங்குண்டு.

எது மாறியது?

முதலாவது, சட்டம். 2014 ஏப்ரல் 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் திருநர்களை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்தது. 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்தவர்கள் சம்மதத்துடன் கொள்ளும் தன்பாலின உறவு குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. இரண்டாவது, பார்க்கும் முறை. ஓடிடி படைப்புக்கு முதல் வார வசூல் கவலை இல்லை. கூட்டத்தோடு பார்க்கக் கூசும் ஒருவர் கைப்பேசியில் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பேசப்பட்ட சில படைப்புகள்

2020 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த ‘பாவக் கதைகள்’ தொகுப்பில் சுதா கொங்கரா இயக்கிய கதை ‘தங்கம்’. சத்தார் ஆண் பிள்ளையாகப் பிறந்து பெண்ணாக உணர்பவர். காளிதாஸ் ஜெயராம் நடித்திருக்கிறார். அறுவை சிகிச்சைக்காகச் சேர்த்து வைத்த பணத்தைத் தங்கையின் காதலுக்குக் கொடுத்துவிடுகிறார். கடைசியில் ஊரும் வீடும் அவரைக் கைவிடுகின்றன. கதை கேட்பது ஒன்றைத்தான்: குடும்பத்தின் மானம் பெரிதா, பெற்ற பிள்ளையின் உயிர் பெரிதா?

2019இல் அமேசான் பிரைமில் வந்த ‘மேட் இன் ஹெவன்’ இந்தித் தொடரில், திருமண ஏற்பாட்டாளர் கரண் ஒரு தன்பாலீர்ப்பாளர். அவர் பழைய சட்டத்தின் கீழ் கைதாகி அவமானப்படுகிறார். 2023இல் வந்த இரண்டாம் பாகத்தில், நோயில் விழுந்த தாய்க்கும் மகனுக்கும் இடையிலான மனத்தாங்கல் நம் வீட்டு வாக்குவாதம் போலவே ஒலிக்கும். அதே பாகத்தில் திருநங்கை மெஹராக நடித்த திரிநேத்ரா ஹல்தார் நிஜ வாழ்விலும் திருநங்கை, மருத்துவரும்கூட.

திரையரங்கில் ஓடிவிட்டு ஓடிடிக்கு வந்த மலையாளப் படம் ‘காதல் – தி கோர்’. இதில் மம்முட்டியின் மனைவியாக வரும் ஜோதிகா விவாகரத்து கேட்கிறார். உண்மையை மறைத்து நடத்தப்படும் திருமணத்தில் ஆண் மட்டுமல்ல, பெண்ணும் சேர்ந்துதான் வாழ்க்கையை இழக்கிறாள் என்பதை இப்படம் கூச்சலில்லாமல் சொல்கிறது. “கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்” என்று நினைக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இது.

குறை இல்லையா?

உண்டு. திருநங்கை வேடங்களைப் பெரும்பாலும் ஆண் நடிகர்களே செய்கிறார்கள். ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில் ஷில்பாவாக நடித்த விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது கிடைத்தது. ஆனால் அந்தப் பாத்திரம் எழுதப்பட்ட விதம் தங்களைத் தவறாகக் காட்டுகிறது என்று திருநங்கையர் சிலர் வருந்தினார்கள். ‘பேரன்பு’ படத்தில் அஞ்சலி அமீர் போன்ற திருநங்கையே நடித்தது அரிதான எடுத்துக்காட்டு.

இன்னொரு குறை, கதையின் முடிவு. இவர்கள் அடிபட்டு, தியாகம் செய்து, செத்துப்போனால்தான் பார்ப்பவருக்கு இரக்கம் வரும் என்பது போல் பல கதைகள் அமைகின்றன. வேலைக்குப் போய், வாடகை கட்டி, சாதாரணமாக வாழும் ஒருவரைத் திரையில் காண்பது இன்னும் குறைவு.

இங்குள்ள நிலை

மலேசியாவில் திரையரங்குப் படங்களுக்குத் தணிக்கை வாரியத்தின் அனுமதி வேண்டும்; ஓடிடி அதன் கீழ் வருவதில்லை. 2022இல் ‘லைட்இயர்’ இங்குத் திரையரங்குகளில் வெளியாகவில்லை. தன்பாலின உறவுக்கு எதிரான தண்டனைச் சட்டமும் இங்கு நடப்பில் உள்ளது. சிங்கப்பூரில் 377ஏ பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. 2023 ஜனவரியில் அது நடப்புக்கு வந்தது. ஆயினும் இத்தகைய படைப்புகளுக்கு உயர்ந்த வயதுத் தரம் கொடுக்கும் கொள்கை தொடர்கிறது. பெற்றோர் அந்தத் தரத்தைப் பார்த்து, பூட்டு எண்ணையும் பயன்படுத்துவது நல்லது.

வீட்டில் பேச என்ன சொல்?

சொல் இல்லாததால்தான் பலர் வசைச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள். தமிழில் இன்று நல்ல சொற்கள் இருக்கின்றன: திருநங்கை, திருநம்பி, இருவருக்கும் பொதுவாகத் திருநர், தன் பாலினத்தவரையே விரும்புவோருக்குத் தன்பாலீர்ப்பாளர்.

ஒவ்வொருவருக்கும் தம் சமயமும் கருத்தும் உண்டு. ஒரு தொடர் அதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காட்சி ஓடும்போது பெரியவர்கள் சொல்லும் ஒரு வார்த்தையை, அதே அறையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கலாம். நாளை ஒரு சிக்கல் என்று வந்தால் அந்தப் பிள்ளை அம்மா அப்பாவிடம் வருமா, வீட்டை விட்டு ஓடுமா என்பது அந்த ஒரு வார்த்தையிலும் இருக்கலாம்.