மூங்கில் பரிசலா, ஃபைபர் பரிசலா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்!

‘மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்பு ஓரத்தில் மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. மழை பொய்த்த வருடங்களில் வருமானம் இல்லை. மீன்பிடி உரிமம் எடுத்து, விவசாயத்தோடு மீன்பிடிப்பையும் செய்யலாம் என்று இருக்கிறோம். மூங்கில் பரிசல் வாங்குவதா, ஃபைபர் பரிசல் வாங்குவதா? எவ்வளவு பெரியதாக வாங்க வேண்டும்? என் மகனும் உடன் வருவான். அவனுக்கு நீச்சல் தெரியாது.’

வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி இது. பவானி, காவிரி, அமராவதி ஓரம் இருக்கும் வேறு சிலரும் இதையே கேட்டிருந்தார்கள். எல்லோரும் மூங்கிலா, ஃபைபரா என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஆனால், பரிசலை முடிவு செய்ய வேண்டியது நீங்கள் இறங்கப்போகும் தண்ணீர். அதை ஓட்டப்போகும் ஆள். பொருள் எது என்பது அதற்குப் பிறகுதான்.

தட்டையான அடிதான் பலம், அதுவே பலவீனம்

பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. அடிப்பாகம் தட்டை. அதனால் அரை அடி ஆழத் தண்ணீரிலும் மிதக்கும். பாறை இடுக்கிலும், முட்செடிகள் மூழ்கிக் கிடக்கும் கரையோரத்திலும் நுழைந்து வரும். மோட்டார் சத்தம் இல்லாததால் மீன் கலையாது. காவிரியிலும் பவானியிலும் இது காலங்காலமாக நிலைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

அதே தட்டை அடிதான் அதன் பலவீனமும். நேராக ஓடுவதற்கு அடியில் பிடிமானம் எதுவும் இல்லை. ஒரு பக்கமாகத் துடுப்பு போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். காற்று தள்ளினால் பக்கவாட்டில் போகும். எடை ஒரு விளிம்புக்குப் போனால், அந்த விளிம்பு தண்ணீருக்குள் இறங்கும். பரிசல் விபத்துகள் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

எவ்வளவு பெரிய பரிசல்?

கணக்கு சுலபம். அடித்தட்டின் விட்டம் 5 அடி என்றால், பரிசல் ஒரு அங்குலம் தாழ்வதற்குச் சுமார் 46 கிலோ எடை வேண்டும். 7 அடி விட்டம் என்றால், ஒரு அங்குலத்துக்குச் சுமார் 91 கிலோ. விட்டத்தில் 2 அடி கூடினால், தாங்கும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது.

அப்பாவும் மகனும் சேர்ந்து 125 கிலோ, வலை 20 கிலோ, மீன் 30 கிலோ, பரிசலின் எடை 35 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 210 கிலோ. 5 அடி அடித்தட்டில் நாலரை அங்குலம் தாழும். 7 அடியில் இரண்டேகால் அங்குலம்தான் தாழும். சுமையெல்லாம் ஏற்றிய பிறகு, தண்ணீருக்கு மேல் குறைந்தது ஒரு அடி விளிம்பு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சுமையைக் குறையுங்கள்.

‘அப்படியானால் பெரியதையே வாங்கிவிடலாமே’ என்று தோன்றும். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. 40 அடிக்குக் கீழே இறங்கிய வருடங்களும் உண்டு. தண்ணீர் இறங்க இறங்க கரை விலகிப் போய்க்கொண்டே இருக்கும். அன்று சேற்றிலும் கல்லிலும் பரிசலைத் தலையில் கவிழ்த்துச் சுமந்து போக வேண்டியவர் நீங்கள்தான். ஒற்றை ஆளாகப் போகிறவர், தானே தூக்கிக் கரையேற்றக்கூடிய அளவைத் தாண்ட வேண்டாம். எப்போதும் இரண்டு பேர் என்றால் மட்டும் பெரியதை யோசியுங்கள்.

மூங்கில்: என்ன பார்க்க வேண்டும்?

மூங்கிலைப் பிளந்து, பிளாச்சுகளை அடி நடுவிலிருந்து பின்னி, விளிம்பில் கனமாகக் கட்டு போடுவார்கள். முன்பு வெளிப்பக்கம் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் சாக்குத் துணி ஒட்டி, மேலே தார் பூசுகிறார்கள்.

வாங்கும்போது பரிசலைக் கவிழ்த்து, உள்பக்கம் தட்டிப் பாருங்கள். மாவு போலத் தூள் உதிர்ந்தால் மூங்கிலில் வண்டு விழுந்திருக்கிறது, வேண்டாம். விளிம்பைக் கையால் அழுத்தினால் கட்டு நகரக் கூடாது. அடித்தட்டில் ஏறி நின்றால் ஒரே சீராக அமுங்க வேண்டும். ஓரிடம் மட்டும் குழிந்தால், அங்கே பிளாச்சு உடைந்திருக்கும்.

மூங்கிலின் நன்மை, விலை குறைவு, எடை குறைவு, உள்ளூரிலேயே பழுது பார்க்கலாம். தீமை, வெயிலில் தார் இளகும். கல்லில் உரசினால் கிழியும். கரையில் போட்டு வைத்தால் கரையான் ஏறும். வேலை முடிந்ததும் நிழலில், மூன்று கற்களின் மேல் காற்றோட்டமாகக் கவிழ்த்து வையுங்கள். தார் வெடித்த இடத்தை உடனே அடையுங்கள்.

ஃபைபர்: பலர் கவனிக்காத ஒன்று

ஃபைபர் பரிசல், மூங்கிலைவிடப் பல மடங்கு விலை. ஆனால், ஒழுங்காகச் செய்ததாக இருந்தால் பல வருடங்கள் உழைக்கும். தார் வேலை இல்லை. கரையான் தொல்லை இல்லை. வாங்கும்போது வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். குமிழ்களும், வெளிச்சம் அதிகமாக ஊடுருவும் மெல்லிய இடங்களும் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். விரல் கணுவால் தட்டிக்கொண்டே வந்தால், அடுக்கு பிரிந்த இடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக மாறும்.

இனி முக்கியமான விஷயம். மூங்கில், தண்ணீரைவிட லேசானது. தண்ணீர் நிரம்பினாலும் மூங்கில் பரிசல் பெரும்பாலும் மேலேயே நிற்கும், பிடித்துக்கொள்ளலாம். கண்ணாடி நாரும் பிசினும் தண்ணீரைவிடக் கனம். காற்றறையோ தெர்மாகோல் அடைப்போ இல்லாத ஃபைபர் பரிசலில் தண்ணீர் நிரம்பினால், அது அடிக்குப் போய்விடும். பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. வாங்கும் இடத்திலேயே, ‘நிரம்பினால் மிதக்குமா?’ என்று கேளுங்கள். இல்லை என்றால், இறுக மூடிய இரண்டு 20 லிட்டர் காலி கேன்களை உள்விளிம்பில் எதிரெதிராகக் கட்டிவிடுங்கள். செலவு கொஞ்சம்தான், உயிருக்குத் துணை.

நான் கவிழ்ந்த நாள்

பத்து வருடங்களுக்கு முன், அணைத் தண்ணீரில் விடியற்காலையில் செவுள் வலை எடுக்கப் போயிருந்தேன். வலை, மூழ்கிக் கிடந்த வேலமரக் கட்டையில் சிக்கிக்கொண்டது. புது வலை, அறுக்க மனம் வரவில்லை. எழுந்து நின்று, முழு பலத்தோடு இழுத்தேன். கட்டை அசையவில்லை. என் எடை முழுவதும் ஒரே விளிம்பில் இறங்க, பரிசல் ஓசையில்லாமல் கவிழ்ந்தது. வலையின் கயிற்றை மணிக்கட்டில் சுற்றி வைத்திருந்தேன். அதை உருவி எடுப்பதற்குள் இரண்டு முறை தண்ணீர் குடித்துவிட்டேன். மூங்கில் பரிசல் என்பதால் கவிழ்ந்தபடியே மிதந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது, பக்கத்தில் வலை எடுத்துக்கொண்டிருந்தவர் வந்து கரை சேர்த்தார்.

எனக்கு நன்றாகவே நீச்சல் தெரியும். அன்று உயிர் பிழைத்தது நீச்சலால் இல்லை.

அணை கட்டியபோது மூழ்கிய மரங்களும் கட்டடங்களும் இன்னும் அடியில் இருக்கின்றன. மேட்டூரில் நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் குறைந்திருக்கும் மாதங்களில் கரையோரம் நடந்து, கட்டைகளும் பாறைகளும் எங்கே இருக்கின்றன என்று குறித்து வையுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு அந்தக் குறிப்பு வலையையும் காப்பாற்றும்; ஆளையும் காப்பாற்றும்.

ஓட்டும் முறை

முன்விளிம்பை ஒட்டி மண்டியிட்டு உட்காருங்கள். துடுப்பை உங்களுக்கு முன்னால் தண்ணீரில் இறக்கி, வலமும் இடமும் மாற்றி மாற்றி உங்களை நோக்கி இழுங்கள். பரிசல் உங்கள் பின்னால் இழுபட்டு வரும். முதல் பத்து நாள், இடுப்பளவு தண்ணீரில் மட்டும் பழகுங்கள்.

வலை எடுக்கும்போது மண்டியிட்டே எடுங்கள். ஒருவர் வலை பக்கம் இருந்தால், மற்றவர் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும். பெரிய மீன் ஏறினாலும் இருவரும் ஒரே பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. வலைக் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ கட்டாதீர்கள். சிக்கினால் கத்தியால் அறுத்துவிடுங்கள். வலை போனால் வாங்கிக்கொள்ளலாம்.

தூண்டில் போடுபவர்களும் உட்கார்ந்தே வீச வேண்டும். காவிரி மேல்பகுதியில் மகசீர் மாட்டினால் உடனே தண்ணீரில் விட்டுவிடுங்கள். திமில் உள்ள காவிரி மகசீர், மிகவும் அழியும் நிலையில் இருக்கும் இனமாக 2018-ம் ஆண்டு அறிவிக்கப்பட்டது.

காற்றும் வெள்ளமும்

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால், பரிசல் எம்மாத்திரம்? ஆனி, ஆடி மாதங்களில் அகன்ற அணைத் தண்ணீரில் அலை எழும். விடிவதற்கு முன் கிளம்பி, வெயில் ஏறி காற்று வலுப்பதற்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். நடுவில் காற்று பிடித்துக்கொண்டால், எதிர்த்துப் போராடாமல், காற்று தள்ளும் கரையில் ஒதுங்கிவிட்டுப் பிறகு நடந்து வாருங்கள்.

ஆற்றில் இறங்குபவர்களுக்கு வேறு ஆபத்து. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். விநாடிக்கு 10,000 கன அடி திறந்தார்கள் என்று செய்தியில் படித்தால், ஒவ்வொரு விநாடியும் 2.83 லட்சம் லிட்டர் வருகிறது என்று அர்த்தம். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள் இருக்கின்றன. கதவு திறந்தால், மழையே இல்லாத நாளிலும் நீரோட்டம் திடீரென மாறும். கதவணைக்கு மேலேயும் போகக் கூடாது. தண்ணீர் விழும் அடிப்பகுதிக்கும் போகக் கூடாது. அங்கே தண்ணீர் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும், துடுப்பு உதவாது. வெள்ள எச்சரிக்கை வந்த நாளில் பரிசலை எடுக்கவே வேண்டாம்.

கட்டாயம் இருக்க வேண்டியவை: ஆளுக்கொரு உயிர்காக்கும் உடை, கூடுதலாக ஒரு துடுப்பு, 50 அடி கயிறு, உறையில் கத்தி, தண்ணீர் இறைக்கக் குவளை, விசில், டார்ச் லைட், பிளாஸ்டிக் உறையில் செல்போன். உயிர்காக்கும் உடையை உட்காரும் மெத்தையாகப் போடுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். உடலில் மாட்டி, வார் இறுக்கியிருந்தால் மட்டுமே அது உயிரைக் காக்கும்.

கடைசியாக, கேள்வி கேட்ட வாசகருக்கு...

அணைகளில் உரிமமோ குத்தகை அனுமதியோ இல்லாமல் வலை போடக் கூடாது. சரணாலயப் பகுதியில் மீன் பிடிக்கவே கூடாது. அதனால், பரிசல் வாங்கும் முன் மாவட்ட மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போய்வாருங்கள். பரிசல், வலைக்கு மானியம் இருக்கிறதா என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம்.

முதல் வருடம் நீங்கள் தனியாகத் தூக்கக்கூடிய மூங்கில் பரிசலையே வாங்குங்கள். தொழில் பிடிபட்டு, வருமானம் தெரிந்த பிறகு, மிதப்பு அடைப்பு உள்ள ஃபைபருக்கு மாறலாம். அதுவரை, அனுபவமுள்ள பரிசல்காரர் ஒருவரோடு சேர்ந்து போய்வாருங்கள்.

மகனை இப்போதைக்குக் கரையில் நிறுத்துங்கள். மீன் தரம் பிரிப்பது, வலை பழுது பார்ப்பது, விற்பனை என்று அங்கேயும் வேலை இருக்கிறது. அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள். கரையோரத்தில் பரிசலைக் கவிழ்த்துவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் பதறாமல் மிதக்கப் பழகட்டும். அதன் பிறகு அவன் கையில் துடுப்பைக் கொடுங்கள்.