4,000 பவுண்டும் எழுதாத உயிலும்

1962-இல் பாப் மார்லி தம் முதல் பாட்டைக் கிங்ஸ்டனில் பதிவு செய்தபோது அவருக்கு வயது 17. அன்றைய ஜமைக்காவில் பாடகனுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரே தடவைக் கூலி. இசைத்தட்டு எத்தனை விற்றாலும் லாபம் தயாரிப்பாளருக்குத்தான். 1964-இல் 'சிம்மர் டவுன்' தீவில் முதலிடம் பிடித்தது. அதைப் பாடிய மார்லியின் வெய்லர்ஸ் குழுவினருக்கு வாரச் சம்பளம் ஆளுக்கு சுமார் 3 பவுண்டு. 1966-இல் மணமான கையோடு மார்லி அமெரிக்காவின் டெலவேரில் இருந்த அம்மாவிடம் போய்ச் சில மாதம் கூலி வேலை பார்த்தார். சொந்த லேபிள் தொடங்க முதல் வேண்டியிருந்தது.

1972-இல் லண்டனில் கையில் காசின்றி நின்ற மார்லி, பீட்டர் டாஷ், பன்னி லிவிங்ஸ்டன் என்ற வெய்லர்ஸ் மூவருக்கும் ஐலண்ட் ரெக்கார்ட்ஸின் கிறிஸ் பிளாக்வெல் ஆல்பம் செய்ய 4,000 பவுண்டு கொடுத்தார். ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாமலே கொடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பழைய சம்பளக் கணக்கில் மூன்று பேருக்கு வாரம் 9 பவுண்டு. 4,000 சேர 444 வாரம், எட்டரை வருஷம் ஆகும். பணம் போனது போனதுதான் என்று பலர் சொன்னார்கள். கிங்ஸ்டனில் 8 டிராக்கில் பதிவான நாடாவோடு மார்லி லண்டன் திரும்பினார். ரூட்ஸ் ரெகே இசை உலகச் சந்தைக்குப் போனதில் இந்த முன்பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பேன்.

1973-இல் வந்த 'கேட்ச் எ ஃபயர்' ஆல்பத்தின் அட்டை ஸிப்போ லைட்டர் வடிவில் இருந்தது. மேல்மூடியைத் தூக்கினால் உள்ளே அட்டையில் வெட்டிய தீச்சுடர். மூடி திறந்து மூட, ஒவ்வொன்றிலும் கையால் ஆணி அடித்து முடுக்க வேண்டும். செலவு தாங்கவில்லை, 20,000 பிரதிகளோடு நிறுத்திச் சாதாரண அட்டைக்கு மாறினார்கள். தொடக்க விற்பனை சுமார் 14,000தான். ஏழே வருஷத்தில், 1980 ஜூன் 27 அன்று, மிலான் நகரில் மார்லியைக் கேட்க வந்தவர்கள் சுமார் 1 லட்சம் பேர்.

1977-இல் கால் விரலில் கண்டறிந்த மெலனோமா புற்றுநோய் 1981 மே 11 அன்று அவரைக் கொண்டுபோனது. வயது 36. சொத்து மதிப்பு சுமார் 3 கோடி டாலர், உயில் இல்லை. சாவைக் குறித்துத் திட்டமிடுவது அவர் பின்பற்றிய ராஸ்தாஃபாரி நம்பிக்கைக்கு ஒவ்வாதது என்பார்கள். அந்த நம்பிக்கையை மதிக்கிறேன்; அதன் விலையை மனைவியும் பிள்ளைகளும் கட்ட நேர்ந்தது வருத்தம். ஜமைக்கச் சட்டப்படி மனைவி ரீட்டாவுக்கு 10 சதவீதம் சொந்தமாகவும் 45 சதவீதம் ஆயுள் அனுபோகமாகவும், மீதி 45 பிள்ளைகளுக்குமாகப் பிரிந்தது. ஏறக்குறைய பத்தாண்டு வழக்குகள் நடந்தன. இதற்கிடையே 1984-இல் வெளியான 'லெஜண்ட்' தொகுப்பு இன்றுவரை 2.5 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது.

இந்தக் கணக்கில் என்னை நெகிழவைப்பது ஒரு சின்ன வரவு. 'நோ வுமன், நோ க்ரை' பாட்டின் ஆசிரியர் என்று பதிவானவர் மார்லி இல்லை, டிரெஞ்ச் டவுனில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய நண்பர் வின்சென்ட் ஃபோர்ட். பழைய பதிப்பாளரின் பிடியிலிருந்து பாட்டைக் காக்கவே வேறு பெயர் போட்டார் என்று வாதம் எழுந்தது. அந்தப் பாட்டு உட்பட 13 பாடல்களின் உரிமை வழக்கில் 2014-இல் லண்டன் நீதிமன்றத்தில் பழைய பதிப்பாளர் தோற்றார். காரணம் எதுவானாலும், பாட்டின் ஆசிரியர் என்ற இடத்தில் 2008-இல் இறந்த ஃபோர்டின் பெயரே நிற்கிறது.