தட்டைமீன்களின் நலம்

கடலடி மணலில் ஒருபக்கமாகப் படுத்து வாழும் மீன்கள் தட்டைமீன்கள் எனப்படும். தமிழகக் கடற்கரையில் நாக்குமீன் என வழங்கப்படுவனவும் இவ்வினத்தைச் சார்ந்தவையே. குஞ்சுப் பருவத்தில் இவை பிற மீன்களைப் போலவே நிமிர்ந்து நீந்துகின்றன. வளரும்போது ஒரு கண் தலையைக் கடந்து மறுபுறம் சென்று, மற்றொரு கண்ணின் அருகில் அமைகிறது. பகை நெருங்கினால் மணலில் புதைந்து அசையாமல் கிடப்பதே இவற்றின் முதன்மையான தற்காப்பு ஆகும்.

இவ்வியல்பே பிடிபடும்போது இவற்றின் துன்பத்தை மறைத்துவிடுகிறது. ஐரோப்பாவின் வடகடலில் பிளேஸ், சோல் ஆகிய தட்டைமீன்களைப் பிடிக்கக் கனத்த இழுவலைகள் பயன்படுகின்றன. வலையின் முன்செல்லும் இரும்புச் சங்கிலிகள் மணலைக் கிளற, புதைந்திருந்த மீன்கள் எழுந்து வலைக்குள் புகுகின்றன. அங்கே கற்களோடும் பிற உயிர்களோடும் நெருக்குண்டு காயமுறுகின்றன. உயிர்வளி குறைந்த நிலையையும் தாங்கும் ஆற்றல் உடையவை ஆதலின், நீரைவிட்டு நீங்கிய பின்னரும் இவை விரைவில் உணர்விழப்பதில்லை. உணர்வுள்ளபோதே பல மீன்களின் குடல் அகற்றப்படுகிறது.

ஸ்பெயினின் கலீசியப் பகுதியிலும் சீனாவிலும் டர்பட் என்னும் தட்டைமீன் தொட்டிகளில் வளர்க்கப்படுகிறது. தரையில் படுக்கும் மீனாதலின், நீரின் அளவோடு தொட்டியின் தரைப்பரப்பும் இதற்கு இன்றியமையாதது. நெருக்கம் மிகுந்தால் மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும். இவற்றைக் கொல்வதற்குப் பனிக்கட்டி நீரில் இடும் வழக்கம் உண்டு. குளிர்நீர் மீனாகிய டர்பட் அதில் விரைவில் அசைவிழக்கும். உணர்விழக்கவோ நெடுநேரம் ஆகும்.

மீன்கள் வலியை உணருமா என்னும் வினா நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. 2003ஆம் ஆண்டில் லின் ஸ்னெடனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, ஊறு விளைவிக்கும் தூண்டல்களை அறியும் நரம்பு முனைகள் வானவில் டிரவுட் மீனின் தலையில் இருப்பதை நிறுவியது. 2009ஆம் ஆண்டில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பண்ணை டர்பட் மீன்களைக் கொல்லும் முறைகளைத் தனியே ஆராய்ந்து அறிக்கை அளித்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், பண்ணை விலங்குகளைக் கொல்லும்போது தவிர்க்கத்தக்க வலியைத் தவிர்க்க வேண்டும் என்னும் பொதுவிதியை மீன்களுக்கும் உரியதாக்கியது. கடலில் பிடிபடும் மீன்களுக்கு அவ்விதி பொருந்தாது.

இழுவலையை இழுக்கும் நேரத்தைக் குறைத்தல், பண்ணையில் போதிய தரைப்பரப்பு அளித்தல், கொல்லும் முன் மின்சாரத்தால் உணர்விழக்கச் செய்தல் ஆகியவை இத்துன்பத்தைக் குறைக்கும் வழிகள். அசையாமல் கிடக்கும் மீன் உணர்விழந்துவிட்டது எனக் கொள்ளாமல், உணர்விழந்ததை உறுதிசெய்த பின்னரே அதன்மீது கத்தி படவேண்டும்.