பழைய மோட்டார் சைக்கிள்களில் இறுகிய எஞ்சின் பாகங்களை விடுவித்தல்

இறுகிய எஞ்சின் பாகங்களை விடுவித்தல் என்பது, பல ஆண்டுகள் ஓடாமல் நின்றதாலோ மிகுந்த வெப்பத்தாலோ ஒன்றோடொன்று பற்றிக்கொண்ட பிஸ்டன், வால்வு, திருகு போன்ற உறுப்புகளை உடைக்காமல் மீண்டும் அசையச் செய்யும் பணியாகும். பழைய மோட்டார் சைக்கிளைச் சீரமைக்கும்போது பெரும்பாலும் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுவே. பட்டறைகளில் இந்த நிலையை ‘எஞ்சின் ஜாம்’ என்றும் ‘சீஸ் ஆகிவிட்டது’ என்றும் சொல்வார்கள்.

இப்பணியில் வலிமையைவிடப் பொறுமையே முக்கியம். அவசரப்பட்டுச் சம்மட்டியால் அடித்தால் பிஸ்டனோடு கிராங்க் கேஸும் விரிசல் விடலாம். எஞ்சின் எண் பொறிக்கப்பட்டிருப்பது கிராங்க் கேஸில்தான். பதிவுச் சான்றிதழில் இருப்பதும் அதே எண். மேலும், இந்தியாவில் 2021 ஜூலையில் வெளியான மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வண்டியை ‘விண்டேஜ்’ வாகனமாகப் பதிய வேண்டுமானால், அது தன் மூல வடிவிலேயே இருக்க வேண்டும். எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஆகவே உடைந்துபோன மூலப் பாகம் வண்டியின் அடையாளத்திற்கே இழப்பாகிறது.

எடுத்துக்காட்டு வண்டி

இக்கட்டுரையில் ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. இங்கிலாந்தின் ரெடிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. அதன் ஆலை சென்னை திருவொற்றியூரில் அமைந்தது. பழைய புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. பிஸ்டனும் ஹெட்டும் அலுமினியக் கலவையால் ஆனவை. சிலிண்டரின் உள்விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 90 மி.மீ., கொள்ளளவு 346 க.செ.மீ.

இறுகுவதற்கான காரணங்கள்

துரு: வண்டி நிற்கும்போது ஒரு வால்வு திறந்திருந்தால் அதன் வழியே ஈரக்காற்று சிலிண்டருக்குள் செல்கிறது. பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும் தொடும் இடத்தில் துரு ஏறுகிறது. இரும்பைவிடத் துரு அதிக இடத்தை அடைப்பதால், நடுவிலுள்ள சிறு இடைவெளியை நிரப்பி ஆப்பு வைத்ததுபோல் இறுக்கிவிடுகிறது.

வெப்பம்: மசகு எண்ணெய் குறைந்த நிலையில் ஓடிய எஞ்சினில் பிஸ்டன் அளவுக்கு மீறி விரிவடைந்து, அதன் அலுமினியம் சிலிண்டர் சுவரில் அப்பிக்கொள்கிறது. இதை எண்ணெயால் கரைக்க முடியாது.

உலோக வேறுபாடு: எஃகு ஸ்டட்டும் அலுமினிய ஹெட்டும் ஈரத்தில் சேர்ந்திருக்கும்போது மின்வேதி அரிப்பு ஏற்படுகிறது. அதனால் உண்டாகும் வெள்ளைப் பொடி ஸ்டட்டைச் சுற்றி இறுகுகிறது.

எது இறுகியுள்ளது என அறிதல்

கிக்கர் இறங்கவில்லை என்பதற்காகப் பிஸ்டன்தான் இறுகியது என்று முடிவு செய்யக் கூடாது. புல்லட்டில் கிக்கரின் விசை கியர் பெட்டி, கிளட்ச், செயின் வழியாகவே எஞ்சினை அடைகிறது. கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு மிதிக்கும்போது கிக்கர் இறங்கினால், கோளாறு எஞ்சின் பக்கம் உள்ளது. அப்போதும் இறங்காவிட்டால் கியர் பெட்டியையும், நெடுநாள் நின்றதால் ஒட்டிக்கொண்ட கிளட்ச் தட்டுகளையும் பார்க்க வேண்டும். எந்நிலையிலும் கிக்கர் மேல் ஏறிக் குதிக்கக் கூடாது. அதன் பற்களும் தண்டும் சேதமடையும்.

அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டார்ச் ஒளியில் உள்ளே பார்க்க வேண்டும். சிவந்த துரு தெரிந்தால் ஊறவைக்கும் முறை பயன்படும். வால்வுகள் அவற்றின் வழிகாட்டிக் குழல்களில் சிக்கியிருக்கலாம் என்பதால், எஞ்சினைச் சுற்ற முயல்வதற்கு முன்பே புஷ் ராடுகளை எடுத்துவிடுவது நல்லது. இல்லையெனில் அவை வளைந்துவிடும்.

ஊறவைத்தல்

மண்ணெண்ணெய் விளக்கின் திரியில் எண்ணெய் தானே மேலேறுவதை எல்லோரும் பார்த்திருப்போம். நுண்புழை ஏற்றம் எனப்படும் அதே இயல்பால்தான் ஊடுருவும் எண்ணெய் துருவின் நுண்ணிய துளைகளுக்குள் செல்கிறது. எண்ணெய் எவ்வளவு நீர்த்திருக்கிறதோ அவ்வளவு எளிதாக நுழையும். கடைகளில் இதற்கென்று விற்கும் எண்ணெய்களைத் தவிர, டீசல், மண்ணெண்ணெய், தானியங்கி கியர் பெட்டிக்கான எண்ணெயும் அசிட்டோனும் சமஅளவு சேர்ந்த கலவை ஆகியவையும் பயன்படுகின்றன. இக்கலவை விரைவில் பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கி ஊற்ற வேண்டும். பெயின்ட்டில் பட்டால் அதைக் கரைத்துவிடும்.

எண்ணெயைப் பிஸ்டனின் தலை மூழ்கும்வரை ஊற்றி, மட்டத்தைக் குறித்துவைக்க வேண்டும். நாள்தோறும் மட்டம் குறைந்தால் எண்ணெய் வளையங்களைக் கடந்து இறங்குகிறது என்று பொருள். ஊறல் சில நாட்களில் முடியலாம். சில வாரங்களும் ஆகலாம்.

பிஸ்டனை அசைத்தல்

ஹெட்டைக் கழற்ற முடிந்தால், பிஸ்டனுக்கு மேலே தெரியும் சிலிண்டர் சுவரின் துருவை முதலில் நுண்ணிய எமரி தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு வண்டியை டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்ட வேண்டும். டாப் கியரில் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை குறைவு. ஆகையால் கை விசை கிராங்கில் மற்ற கியர்களைவிட அதிகமாகக் கிடைக்கிறது.

அசையாவிட்டால், சிலிண்டரின் அளவுக்குச் சற்றுச் சிறியதாக வெட்டிய கட்டையைப் பிஸ்டன் மேல் வைத்துச் சுத்தியலால் அளவாகத் தட்டலாம். பிஸ்டன் சிலிண்டரின் உச்சியிலோ அடியிலோ நிற்கும்போது தட்டுவது கூடாது. அந்த நிலைகளில் இணைப்புத் தண்டு கிராங்குடன் நேர்க்கோட்டில் இருப்பதால், அடி கிராங்கைச் சுற்றாமல் பேரிங்குகளைத் தாக்கும்.

முதல் அசைவு மயிரிழை அளவே இருக்கும். உடனே ஒரே திசையில் தள்ளாமல், வந்த வழியே திரும்ப அசைத்து மீண்டும் எண்ணெய் விட வேண்டும். இவ்வாறு அசைவு சிறிது சிறிதாகக் கூடும்.

கிரீஸ் அழுத்த முறை

தட்டியும் அசையாத பிஸ்டனுக்கு இம்முறை பயன்படுகிறது. ஹெட் இடத்தில் இருக்க வேண்டும். இரு வால்வுகளும் மூடியிருக்க வேண்டும். பிளக் துளையில் பொருத்திய இணைப்பு வழியாகக் கிரீஸ் கன் கொண்டு சிலிண்டர் முழுவதும் கிரீஸ் நிரப்பப்படுகிறது. 70 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் தலையின் பரப்பு ஏறத்தாழ 38.5 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ.க்கு 100 கிலோ அழுத்தம் கொடுத்தால் பிஸ்டன் மீது ஏறத்தாழ 3,850 கிலோ விசை விழும். சுத்தியலின் அதிர்ச்சி இதில் இல்லை. உச்சியிலும் அடியிலும் கூடாது என்ற விதி இதற்கும் பொருந்தும். கிரீஸுக்குப் பதிலாக அழுத்தப்பட்ட காற்றைப் பயன்படுத்துவது ஆபத்து. காற்று சுருங்கி ஆற்றலைச் சேமித்து, பாகம் விடுபடும் கணத்தில் வெடிப்புபோல் விரியும்.

வெப்பத்தைப் பயன்படுத்துதல்

ஒன்றுக்குள் ஒன்று சிக்கிய டம்ளர்களைப் பிரிக்க, வெளி டம்ளரை வெந்நீரில் வைத்து உள் டம்ளரில் குளிர்ந்த நீர் ஊற்றுவது வீடுகளில் வழக்கம். இங்கும் அதே தத்துவம்தான். அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இருமடங்கு விரிவடைகிறது. எனவே அலுமினிய ஹெட்டில் சிக்கிய எஃகு ஸ்டட்டுக்குச் சூடு உதவும். துளை ஸ்டட்டைவிட அதிகம் விரியும். சூடான மரையின் மேல் மெழுகுவத்தியைத் தேய்த்தால் மெழுகு உருகி உள்ளே இறங்கி வழுவழுப்பைத் தரும்.

பிஸ்டனுக்கு இது நேர்மாறானது. வெப்பநிலை 100 பாகை செல்சியஸ் உயர்ந்தால் 70 மி.மீ. அலுமினியம் 0.16 மி.மீ. விரியும், வார்ப்பிரும்பு சுமார் 0.07 மி.மீ. மட்டுமே விரியும். இரண்டும் ஒன்றாகச் சூடானால் பிஸ்டன் மேலும் இறுகும். எனவே சிலிண்டரின் வெளிப்புறத்தை மட்டும் வெப்பக்காற்றால் சூடாக்கி, பிஸ்டன் சூடேறுவதற்குள் அசைக்க வேண்டும்.

நட்டுகளும் போல்ட்டுகளும்

பழைய புல்லட்டின் மரைகள் பெரும்பாலும் விட்வொர்த் முதலிய பிரிட்டிஷ் அளவைச் சேர்ந்தவை. மெட்ரிக் ஸ்பானர் அவற்றில் சரியாகப் பொருந்தாமல் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். ஸ்பானரை வைப்பதற்கு முன் போல்ட்டின் தலையில் நேராக இரண்டு மூன்று முறை தட்டினால் துருப்பிடிப்பு தளரும். பிறகு முதலில் சற்று இறுக்கி, அதன்பின் தளர்த்துவது நல்ல பழக்கம். ஸ்டட் உடைந்துவிட்டால், மேலே தெரியும் பகுதியில் ஒரு நட்டை வெல்டிங் செய்து, அந்தச் சூட்டிலேயே திருப்பி எடுக்கலாம்.

எச்சரிக்கைகள்

அசிட்டோனும் பெட்ரோலும் எளிதில் தீப்பற்றும். சூடாக்குவதற்கு முன் பெட்ரோல் டேங்கை அகற்றி, ஊறவைத்த கலவையை முழுவதும் வடித்து உலரவிட வேண்டும். குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். சலவைச் சோடாக் கரைசலில் மின்சாரம் செலுத்தித் துரு நீக்கும் முறை இரும்புப் பாகங்களுக்கு மட்டுமே ஏற்றது, அலுமினியத்தை அரித்துவிடும்.

விடுபட்ட பிறகு

எஞ்சின் சுற்றத் தொடங்கியதும் உடனே கிக்கரை மிதித்து ஓட்டிப் பார்க்கும் ஆசை எழும். அதைத் தவிர்க்க வேண்டும். உதிர்ந்த துரு எமரித் தூளைப்போல் பேரிங்குகளைத் தேய்த்துவிடும். எஞ்சினை முழுவதும் பிரித்துக் கழுவி, எண்ணெய் வழிகளைச் சுத்தம் செய்து, சிலிண்டரின் தேய்மானத்தை அளக்க வேண்டும். சுவரில் குழிகள் இருந்தால் லேத் பட்டறையில் போர் போட்டு, அதற்கேற்ற பெரிய அளவுப் பிஸ்டனைப் பொருத்தலாம். பிஸ்டனும் வளையங்களும் புதிதாகக் கிடைக்கும். எண் பொறித்த அந்தக் கிராங்க் கேஸ் கிடைக்காது. எதை இழக்கலாம், எதைக் காக்க வேண்டும் என்பதை வேலை தொடங்கும்போதே தீர்மானித்துக்கொண்டால், சுத்தியலை எப்போது கீழே வைக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.